அடுத்த கடையில் வாங்கிக்கொள்ள மாட்டேனா?

மருந்துக் கவுன்டருக்குப் பின்னால் நின்று சம்பாதிக்கிற எல்லோரும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கேள்வி ஒன்று இருக்கிறது. பாராசிட்டமால் பெட்டி நான்கைந்தை அள்ளிக்கொண்டு வந்து ஒருவர் என் முன்னால் வைப்பார். இரண்டுதான் தர முடியும் என்பேன். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார். "ஏன் மேடம், மிச்சத்தை அடுத்த கடையில வாங்கிக்க மாட்டேனா?"

வாங்கிக்கலாம் சார், தாராளமா வாங்கிக்கலாம் என்றுதான் நானும் சொல்வேன். பொய் சொல்லி என்ன பயன்? உடனே ஒரு நக்கல் சிரிப்பு வரும். 'பிறகு எதற்கம்மா இந்த நாடகம்?' என்று கேட்காமல் கேட்கும் சிரிப்பு. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிற நேரத்தில் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கேள்வி நியாயமானது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று அரசாங்கமே அனுமதித்த ஒரு மருந்தை, இத்தனைக்கு மேல் விற்காதே என்று அதே அரசாங்கம் சொல்வது வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கேலியாகத்தான் தெரியும். ஆனால் இதைச் செய்து பார்த்து, பத்து வருடத்துக்கு மேல் பொறுமையாகக் கணக்கெடுத்தும் வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1998 செப்டம்பரில் ஒரு விதி வந்தது. மருந்தகத்தில் விற்கும் பாராசிட்டமால் பெட்டியில் 32 மாத்திரைக்கு மேல் இருக்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட் போன்ற மற்ற இடங்களில் 16. அவ்வளவுதான். ஒருவர் நான்கு கடை ஏறி இறங்கினால் தடுக்க யாரும் இல்லை. அப்போதும் அங்கே எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கீத் ஹாட்டன் தலைமையில் கணக்கை வெளியிட்டார்கள். விதி வந்த பிறகான 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராசிட்டமால் நச்சால் ஏற்பட்ட மரணங்கள், பழைய போக்கே தொடர்ந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அதைவிட 43 சதவீதம் குறைவு. எண்ணிக்கையில் சொன்னால் 765 உயிர். இந்த மருந்தால் கல்லீரல் கெட்டு, மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிவு செய்தவர்கள் 61 சதவீதம் குறைவு. எல்லாப் பெருமையும் இந்த ஒரு விதிக்கே சேருமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கட்டும். பாதிப் பெருமை சேர்ந்தாலே எனக்குப் போதும்.

அடுத்த கடை திறந்தே கிடக்கும்போது இது எப்படி நடந்தது? உயிரை விடுவதென்று ரொம்பத் திட்டமிட்டவரை இந்த விதி தடுப்பதில்லை. தடுக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் மனசு முற்றிலும் உடைந்துபோகிற அந்த நேரம் பெரும்பாலும் நீண்டு நிற்பதில்லை. அந்த நேரத்தில் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். எழுந்து சட்டை மாட்டி, தெருவில் நடந்து, ஒரு மனித முகத்தைப் பார்த்து, இன்னொரு கடைக்கும் போக வேண்டும் என்றால், இடையில் எங்காவது அலை தணிந்துவிடுகிறது. (இதைப் படிக்கிறவர் யாராவது அப்படி ஒரு நேரத்தில் இருந்தால், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் இப்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள். என் பதிவு எங்கும் போய்விடாது, அப்புறம் வந்து படிக்கலாம்.)

பாராசிட்டமாலுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்டால், சரியான அளவில் இதைவிடச் சாதுவான மருந்து கிடையாது, அளவு மீறினால் இதைவிட நயவஞ்சகமானதும் குறைவு. கல்லீரல் இதைப் பிரித்து வெளியேற்றும்போது ஒரு சிறு பங்கு நாப்க்வி என்கிற நச்சுப் பொருளாக மாறும். கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன் அதை உடனுக்குடன் பிடித்து அடக்கிவிடும். அந்தக் கையிருப்பு தீர்ந்துபோனால் நாப்க்வி கல்லீரல் செல்களையே தாக்க ஆரம்பிக்கிறது. முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் அசதி, 'ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது' என்று ஆளே எழுந்து நடமாடுவார். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்று நல்ல முறிமருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுசாகக் காப்பாற்றிவிடும். அதனால் யாராவது அளவு தெரியாமல் கூடப் போட்டுவிட்டால், தெரிந்தே போட்டாலும்தான், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பிரிட்டனைப் பார்த்துப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சுவீடன் 2009-இல் மளிகைக் கடையில்கூட விற்கலாம் என்று திறந்துவிட்ட பாராசிட்டமால் மாத்திரையை 2015 நவம்பரில் திரும்ப மருந்தகத்துக்கே கொண்டுபோனது. பிரான்ஸ் 2020 ஜனவரியிலிருந்து பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டையும் வாடிக்கையாளர் தானே கை நீட்டி எடுக்கிற அலமாரியிலிருந்து கவுன்டருக்குப் பின்னால் தள்ளியது. ஆஸ்திரேலியாவில் 2025 பிப்ரவரி முதல் சூப்பர் மார்க்கெட் பெட்டியில் 20 இருந்தது 16 ஆனது. மருந்தகத்தில் மருந்தாளுநரைப் பார்க்காமல் எடுத்துப்போகிற பெட்டியில் 100 இருந்தது 50 ஆனது.

இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்கு நான் கட்சி. ஆனால் இதனால் பிடிக்கவே முடியாத ஒரு ஆபத்து இருக்கிறது. என் கவுன்டரில் நான் அதிகம் பார்ப்பதும் அதைத்தான்.

ஒரு பையன் வந்தான். அம்மாவுக்குக் காய்ச்சல், சளி, உடம்பு வலி. மூன்று பொருள் எடுத்துவந்து வைத்தான். வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற சளிப் பொடி ஒன்று, இரவில் போடுகிற சளி மாத்திரை ஒன்று, சாதாரணக் காய்ச்சல் மாத்திரை ஒன்று. மூன்றும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு கலர். ஒன்றில் எலுமிச்சைப் படம், ஒன்றில் நிலா. எல்லாவற்றிலும் ஒவ்வொரு பெட்டிதான். எந்த வரம்பையும் அவன் மீறவில்லை. நான் பேசாமல் பில் போட்டிருந்தால் மிஷின் ஒரு சத்தம்கூடப் போட்டிருக்காது.

மூன்றையும் குப்புறக் கவிழ்த்து வரிசையாக வைத்தேன். பின்பக்கத்தில் 'சேர்மானம்' என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அந்த வரியை நகத்தால் தொட்டுக் காட்டினேன். "இதைப் படி தம்பி." பாராசிட்டமால் 1000 மில்லிகிராம். "இதை?" பாராசிட்டமால் 500. "இது?" கேட்கவே வேண்டியதில்லை, அவனே நிமிர்ந்து பார்த்துவிட்டான்.

"எல்லாமே ஒண்ணுதானா அக்கா?"

ஒன்றேதான். கூடக் கொஞ்சம் மூக்கடைப்பு மருந்து, கொஞ்சம் தூக்கம் வரவைக்கிற ஒவ்வாமை மருந்து. மற்றபடி மூன்றிலும் ஆள் ஒருவர்தான், சட்டை மட்டும் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல உடல்நிலையில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். அந்தப் பொடியை மட்டும் நான்கு வேளை குடித்தாலே 4 கிராம் ஆகிவிடும். அதோடு காய்ச்சல் மாத்திரை வேளைக்கு இரண்டு, நான்கு வேளை என்றால் இன்னொரு 4 கிராம். இரவு மாத்திரை அதற்கு மேல். எடை குறைந்தவர்களுக்கும், சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பவர்களுக்கும், தினமும் குடிக்கிறவர்களுக்கும் 4 கிராமே அதிகம். இங்கே யாருக்கும் எந்த விபரீத எண்ணமும் கிடையாது. அம்மாவுக்குச் சீக்கிரம் சரியாக வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான். பெட்டியை எண்ணுவது அந்தப் பையனுக்கு எதையும் செய்திருக்காது. 'யாருக்கு வாங்குற, வேற என்ன குடுத்துட்டு இருக்கீங்க' என்று ஒருவர் கேட்டதுதான் செய்தது.

கட்டுப்பாடு என்றால் எனக்கு அதுதான் அர்த்தம். நடுவில் ஒரு ஆள் நிற்கிறார், அந்த ஆள் இரண்டு கேள்வி கேட்கிறார், கேட்க அவருக்கு நேரமும் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மிச்சம் இருப்பது வெறும் தொந்தரவு.

தொந்தரவுக்கு உதாரணம் வேண்டுமென்றால் சூடோஎஃபெட்ரினின் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

மூக்கடைப்புக்கு வாய்வழி எடுக்கிற மாத்திரைகளில் உருப்படியாக வேலை செய்கிறது சூடோஎஃபெட்ரின். சளி பிடித்து இரண்டு மூக்கும் அடைத்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதை வைத்து மெத்தாம்ஃபெட்டமின் போதைப்பொருள் தயாரிக்க முடியும் என்பதால் அமெரிக்காவில் 2006-இல் சட்டம் போட்டார்கள். மாத்திரை கவுன்டருக்குப் பின்னால் போனது. ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது, கடையில் 30 நாளில் ஒருவர் வாங்குவது 9 கிராமைத் தாண்டக் கூடாது. போட்டோ ஒட்டிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், கடைக்காரர் அந்தப் பதிவேட்டை இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும். ஆரிகன் மாநிலம் ஒருபடி மேலே போய் டாக்டர் சீட்டே வேண்டும் என்றது.

பலன் கிடைக்கவில்லையா? கிடைத்தது. வீட்டுச் சமையலறையிலும் கொட்டகையிலும் நடந்த சின்னச் சின்னத் தயாரிப்புகள் குறைந்தன. அவை அடிக்கடி தீப்பிடித்து, பக்கத்தில் இருந்த குழந்தைகளையும் சேர்த்துக் காயப்படுத்தியவை. அது சின்ன விஷயமில்லை, மறுக்கவும் மாட்டேன். ஆனால் போதைப்பொருள் குறையவில்லை. தயாரிப்பு எல்லை தாண்டி மெக்சிகோவில் பெரிய அளவில், இந்த மாத்திரையே தேவைப்படாத வேறு முறைக்கு மாறிக்கொண்டது. ஆரிகன் 2022-இல் சீட்டுக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நியூசிலாந்தும் 2011-இல் சீட்டுக்குள் தள்ளிய இதே மருந்தை 2024-இல் மறுபடி மருந்தகத்தில் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது.

எரிச்சல் இதற்காகக்கூட இல்லை. சட்டம் வந்ததும் மருந்துக் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? வாடிக்கையாளர் கை நீட்டி எடுக்கிற அலமாரியில் இடத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை. சூடோஎஃபெட்ரினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபினைல்எஃப்ரினைப் போட்டார்கள். கிட்டத்தட்ட அதே பெயர், அதே மாதிரிப் பெட்டி, ஓரத்தில் இரண்டு எழுத்து மட்டும் கூடுதல். ஃபினைல்எஃப்ரினை மூக்கில் சொட்டாகவோ ஸ்பிரேயாகவோ விட்டால் வேலை செய்யும். விழுங்கினால் குடலும் கல்லீரலும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும். மூக்குவரை போய்ச் சேர்வது சொற்பம். ஃப்ளோரிடா பல்கலைக்கழக மருந்தியல்காரர்கள் ஹெண்டலஸும் ஹேட்டனும் 2007-லேயே இதை எழுதி மனுப் போட்டார்கள். விடாமல் 2015-இல் மறுபடியும் போட்டார்கள். 2023 செப்டம்பரில்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடி, வழக்கமான அளவில் விழுங்கினால் இதற்குப் பலன் இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் இதைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று நிர்வாகமே முன்மொழிந்தது.

ஆக, வேலை செய்கிற மருந்துக்குக் கையெழுத்தும் அடையாள அட்டையும். வேலை செய்யாத மருந்துக்கு ஒரு வரம்பும் இல்லை, எத்தனை வேண்டுமானாலும் வாரிக்கொண்டு போகலாம். ஒரு கட்டுப்பாட்டை எடைபோடும்போது, மக்கள் எதை வாங்காமல் விட்டார்கள் என்று மட்டும் பார்க்கிறார்கள். அதற்குப் பதிலாக எதை வாங்கினார்கள் என்று யாராவது ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால், இத்தனை வருடம் இத்தனை மூக்குகள் அடைத்தபடியே இருந்திருக்காது.

சூடோஎஃபெட்ரின் ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளை என்று சொல்ல வரவில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றும். கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்களும், சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களும் இதைத் தொடக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024-இல் எச்சரித்தது. அரிதாக மூளையின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது என்பதுதான் காரணம். அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்பது 'நீ போதைக்காரனா' என்ற கேள்வி. வாங்க வருகிற நூறு பேருக்கும் தேவைப்படுகிற கேள்வி 'பிரஷர் இருக்கா, வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க' என்பது. சட்டம் என்னை முதல் கேள்வியைக் கேட்க வைத்து, அதற்குப் பதிவேடும் கொடுக்கிறது. இரண்டாவதைக் கேட்டேனா என்று பார்க்க ஆளில்லை.

ஓப்பியம் வகை வலி மருந்தான கோடீன் விஷயத்தில் எனக்கு இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. பிரிட்டனில் கோடீன் கலந்த வலி மாத்திரைப் பெட்டியில் மூன்று நாளைக்கு மேல் வேண்டாம், பழக்கமாகிவிடும் என்று அச்சடித்தே விற்கிறார்கள். பிரான்ஸ் 2017-இல், ஆஸ்திரேலியா 2018 பிப்ரவரியில் சீட்டில்லாமல் கிடையாது என்று முடிவு கட்டின. சரியான முடிவு. தலைவலி என்று வந்து இதையே மறுபடி மறுபடி கேட்கிற முகங்களை ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் தெரியும். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் இதைப் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைக்குக்கூட 15 நாள்தான் கணக்கு. அவர் வலிக்கிறது என்று வாங்குகிறார், வாங்குவதால் வலிக்கிறது. கவுன்டரில் நின்று அதை விளக்கினால் கோபம் வரும். டாக்டர் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய பேச்சு அது.

வயிற்றுப்போக்குக்குப் போடுகிற லோபெரமைடு மாத்திரைக்கும் 2018-இல் அமெரிக்காவில் பெட்டி அளவைச் சுருக்கச் சொன்னார்கள். அளவுக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பைக் குலைக்கும். எதிர்த்திசையிலும் நகர்வு உண்டு: ஓப்பியம் வகை மருந்தால் மூச்சடங்குகிறவரைக் காப்பாற்றும் நாலாக்ஸோன் மூக்கு ஸ்பிரேயை 2023-இல் அங்கே சீட்டில்லாமல் விற்க விட்டார்கள். எல்லாக் கதவையும் சாத்துவதே பாதுகாப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கட்டுப்பாட்டால் அடிபடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் மூட்டெல்லாம் வீங்கிய ஒரு பெரியம்மாவுக்கு, ஒவ்வொரு மாத்திரையையும் கட்டைவிரலால் அழுத்தி அட்டையிலிருந்து பிதுக்கி எடுப்பதே ஒரு வேலை. குப்பியில் போட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார். அந்தச் சிரமம்தான் வேறொருவரைக் காப்பாற்றுகிற தாமதம் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? மூட்டுவலிக்குத் தினமும் போடுகிறவர்கள் சில நாளுக்கு ஒருமுறை கடைக்கு அலைய வேண்டியதில்லை. டாக்டரிடம் சீட்டு வாங்கினால் இந்தப் பெட்டிக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. இதை வாங்க வருகிறவரிடம் சொல்லாமல், 'ரெண்டுதான்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மருந்தாளுநர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கே அந்த நக்கல் சிரிப்பு வருகிறது.

ஆனால் முழுக் குற்றமும் அவர்களுடையது என்றும் சொல்ல மாட்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து லேமினேட் செய்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். 'யாருக்கு? என்ன அறிகுறி? எத்தனை நாளாக? வேறு மருந்து?' எல்லாம் சரியான கேள்விகள்தான். அதே நிர்வாகம் வரிசை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் என்ன ஆனது? கேட்பவர் பதிலைக் காதில் வாங்குவதில்லை, சொல்பவரும் யோசித்துச் சொல்வதில்லை. 'வேற மருந்து ஏதும் சாப்பிடலல்ல?' என்று இல்லை என்ற பதிலையும் சேர்த்தே கேட்டுவிடுவோம். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இப்போது தானே ஸ்கேன் செய்து பணம் கட்டிக்கொள்கிற மிஷின்களும், ஆன்லைனில் 'ஆம்' 'இல்லை' கட்டத்தைத் தட்டினால் வீடு தேடி வருகிற மருந்தும் வந்துவிட்டன. தவறான பதில் சொன்னால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரும். பின்னால் போய்ப் பதிலை மாற்றினால் பச்சையாகிவிடும். இரண்டு பெட்டி என்ற வரம்பு அங்கேயும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அந்தப் பையனின் மூன்று பெட்டியைக் குப்புறக் கவிழ்க்கத்தான் யாரும் இல்லை.

என் கையில் அதிகாரம் இருந்தால் அடையாள அட்டைப் பதிவேட்டைத் தூக்கிவிட்டு, பெட்டியின் முன்பக்கத்தில், கம்பெனி பெயர் இருக்கிற அதே அளவு எழுத்தில், உள்ளே இருக்கிற மருந்தின் பெயரைப் போட வைப்பேன். கம்பெனிகள் சம்மதிக்க மாட்டார்கள். ஒரே மருந்தை நிலாவும் எலுமிச்சையும் போட்டு மூன்று பெட்டியாக விற்க முடியாமல் போய்விடுமே.

அதுவரைக்கும் மருந்து வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பெட்டிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்துதான் பலர் நீட்டுகிறார்கள், அது விளம்பரம். சேர்மானம் அச்சடித்த பின்பக்கத்தை எடுங்கள். எழுத்து மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பெரிதாக்கி நான் படித்துக்கொள்கிறேன்.